லம்பக் குட்டையின் கோரைப் பக்கம்

என் மகன் வீடு ஈப்போவில் ஒரு பழைய ஈயக்குட்டையின் ஓரமாக இருக்கிறது. கொஞ்ச நாளாக ஆட்கள் வந்து கரையெல்லாம் செடி நட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் நாற்காலியை வாசலில் போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து போய் ஒரு வார்த்தை பேசலாம் என்று தோன்றும். முட்டி விடாது. முட்டி நன்றாக இருந்த காலத்திலும் எழுந்து போய்ப் பேசினவள் இல்லை நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்த எழுத்து இருக்கிறது. அதனால் பேச வேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பேராக்கில் அந்தப் பெரிய வெள்ளம் வருவதற்கு முன்னால் நடந்தது இது. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் வழி. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம். எங்களுக்கு முன்னே யாரோ ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுப் போனது. மழைத் தண்ணீர் நின்று குட்டையாகிவிட்டது. ஈயச் சுரங்கத்துக்கு அங்கே லம்பம் என்று பேர், அதனால் லம்பக் குட்டை என்போம். குளிப்பது, துவைப்பது எல்லாம் அதில்தான். குடிப்பதற்குக் கரையோரம் மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, வடிந்து தெளிந்த தண்ணீரை மொண்டு வருவோம்.

கரை முழுக்க வெள்ளை மணல். ஈயம் அலசிக் கொட்டிய மணல், சத்தே கிடையாது. ஒரு மழை பெய்தால் ஒரு முழம் கரையைக் குட்டை தின்றுவிடும். கரை மேலேதான் ரப்பர் பால் ஸ்டோருக்கு வண்டி போகிற பாதை. பாதையின் ஓரம் உடைய ஆரம்பித்தபோது துரைக்குக் கோபம் வந்தது.

ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது கங்காணி சொன்னார்: “ஏ பொம்பளைங்களா, நல்லா கேட்டுக்குங்க. கரையில எதையாச்சும் நட்டு மண்ணைப் பிடிக்க வைக்கணுமாம். வர்ற அடைமழைக்கும் ரோடு உடைஞ்சா, தொரை குட்டையைச் சுத்திக் கம்பி வேலி போட்டுருவாரு. அப்புறம் ஆத்துக்குத்தான் நடக்கணும். என்ன நடுறதுன்னு நீங்களே பேசிக்குங்க. குட்டையில கிடக்கிறது நீங்கதானே.”

எல்லோரும் முணுமுணுத்தார்கள். எனக்கு மட்டும் ஆறு என்ற சொல்லே காதில் நின்றது. அப்போது எனக்கு நாள் தள்ளியிருந்தது. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

முந்தின வருஷத்து வறட்சியில் குட்டை காய்ந்துபோய், நாங்கள் ஆற்றிலிருந்துதான் தண்ணீர் சுமந்தோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டே போக வேண்டும். போகும்போது இறக்கம், குடம் காலி. வரும்போது ஏற்றம், குடம் நிறைய. நாள் முழுக்கக் குனிந்து புல் வெட்டிவிட்டு அந்த ஏற்றம் ஏறுவோம். அப்படி ஏறும்போது ஒரு நாள் எனக்குக் கரு கலைந்தது. அதற்கு மேல் அதை எழுத வரவில்லை.

அன்று சாயங்காலம் குட்டையோரத்தில் பெண்கள் கூடினார்கள். துவைக்கிற கல்லைச் சுற்றித்தான் எங்கள் பஞ்சாயத்தெல்லாம். முதலில் பேசியது பக்கத்து வீட்டு அக்கா. குரல் பெரியது அவருக்கு. அவருடைய மகளுக்கு அம்மை போட்டு, பிழைத்தால் தாமரைப் பூ வைத்துக் கும்பிடுகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். பெண் பிழைத்துவிட்டாள். தாமரைக்கு எங்கே போவது?

“தாமரை போடுவோம். தண்ணியும் அழகா இருக்கும், கோயிலுக்கும் ஆச்சு. அந்தப் பக்கம் காய்கறி போடுற சீனன்கிட்ட கிழங்கு இருக்கு. ரெண்டு கூடை சாணி குடுத்தா தூக்கிக் குடுத்துருவான்.”

“தாமரை மண்ணைப் பிடிக்குமா அக்கா?” என்றாள் ஒருத்தி.

“அம்மன் பிடிப்பாடி.”

இன்னொருத்தி வாழை வைக்கலாம் என்றாள். காய் வரும், இலை வரும், பன்றி வளர்க்கிறவர்களுக்குத் தண்டும் விற்கலாம். இன்னொருத்தி சேம்பு என்றாள். கங்குங் கீரையைத் தண்ணீர் ஓரத்தில் விட்டால் தானே படர்ந்துகொள்ளும் என்றாள் மற்றொருத்தி. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாம் வாய்க்கும் சாமிக்கும் ஆகிறவை.

நான் தோட்டத்துப் பள்ளத்து வாய்க்கால்களில் புல் வெட்டுகிறவள். பாய் முடைகிற உயரக் கோரை அங்கே காடாக வளரும். அதைக் கொத்திப் பிடுங்கினால் ஒரு கூடை மண்ணையும் கட்டிக்கொண்டுதான் வரும். சுத்தமாகப் பிடுங்கிய வாய்க்கால் அடுத்த மழைக்கே அகலமாகிவிடும். சோம்பேறித்தனமாய் விட்டுவைத்த இடத்தில் கரை நிற்கும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சேம்பு தண்ணீர் ஓரத்தில் நன்றாக வரும், ஆனால் மேல் மண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். சாய்ந்தால் கரையையும் சேர்த்துச் சாய்க்கும். வாழை தலைக்கனம் பிடித்தது, மணலில் நிற்காது. காலை நனைத்துக்கொண்டு நிற்கிற செடி ஒன்று, இடுப்பு வரை முங்கி நிற்கிற செடி ஒன்று, ஈரத்தை மோந்து பார்த்துக்கொண்டு மேலே நிற்கிற செடி ஒன்று. கரை மூன்று படியாக இருக்கிறதே, செடியும் அப்படித்தானே பார்க்க வேண்டும்?

இவ்வளவும் மனசுக்குள் ஓடியது. வாயில் வந்தது ஒரே சொல். “கோரை” என்றேன், புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு.

கல் அதிரச் சிரித்தார்கள்.

“ஏண்டி, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கோரை பிடுங்கத்தான் தொரை நமக்குச் சம்பளம் குடுக்கிறாரு. சாயங்காலம் வந்து அதையே நடவா?”

“இவ வீட்டுல விளக்கு வச்சதும் கோரைக்குத்தான் பூசை போல.”

“விடுங்கடி பாவம். வாயைத் திறந்ததே அதிசயம்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் சுட்டது.

தாமரை என்றே முடிவானது. வண்டிப்பாதை ஓரத்துக்கு வாழையும் சேம்பும். கங்காணி வந்து பார்த்து, பச்சையாக எது இருந்தாலும் சரி என்று போய்விட்டார்.

வீட்டுக்காரரிடம் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “துவைக்கிற கல்லு பக்கம் யாரும் எதுவும் நடலையே? அங்க நட்டுக்க. கேட்டா, தானா மொளைச்சுதுன்னு சொல்லிருவோம்” என்றார்.

நாங்கள் வெட்டிப்போடுகிற கோரை பாதையோரம் குவிந்து காயும். வெயில் படாத அடிக்கட்டாகப் பார்த்து, வேரும் மண்ணுமாகச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானுமாக நட்டோம். தண்ணீரும் மணலும் சேர்கிற கோட்டில் கோரை. அதற்கு மேலே ஈர மணலில் வல்லாரை. தண்ணீருக்குள் பரவிக்கொள்ளட்டும் என்று கங்குங் தண்டு நாலைந்து. மணலில் சத்து இல்லையென்று ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி சாணியும் அடுப்புச் சாம்பலும் வைத்தோம். முதல் மாதம் பாதிக் கோரை காய்ந்தது. அந்த இடத்தில் மறுபடி நட்டேன். கை ஓயாத வேலை. பகலில் பிடுங்குகிறேன், சாயங்காலம் நடுகிறேன். என்ன பிழைப்பு என்று சில நாள் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன்.

தாமரையோ கும்மென்று வந்தது. சீனர் கொடுத்த கிழங்கு நல்ல கிழங்கு. தட்டு தட்டாக இலை விரிந்து அந்தப் பக்கத்துத் தண்ணீரே மறைந்துபோனது. ஒரு வெள்ளிக்கிழமை முதல் பூ. பக்கத்து வீட்டு அக்கா தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதைப் பறித்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார். லயமே பின்னால் போனது. நானும் போனேன். அம்மன் காலடியில் அந்தப் பூ இருந்த அழகை இல்லையென்று சொல்ல முடியாது. அக்கா அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

பூசாரி, பகலில் பால் வெட்டுகிறவர்தான், கற்பூரத்தைக் காட்டிவிட்டுச் சொன்னார்: “இன்னியிலேருந்து அது ஆத்தா பூ எடுத்துக்கிட்ட தண்ணி. தீட்டோட யாரும் கால் வைக்கப்படாது. அழுக்குத் துணி அலசப்படாது.”

எல்லோரும் பயபக்தியாகத் தலையை ஆட்டினோம். எங்களுடைய குட்டையை அம்மனே எடுத்துக்கொண்டாள் என்று பெருமையாகவும் இருந்தது. மறுநாள் சாயங்காலம் துணி மூட்டையோடு கரைக்கு வந்து நின்றபோதுதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். துரை வேலி போடக்கூடாது என்று செடி வைத்தோம். செடியே வேலி போட்டுவிட்டது.

பூசாரியின் சம்சாரம்தான் முதலில் கத்தினாள். அவள் கைக்குழந்தைக்காரி. “உங்க கோவணத்தை எங்க அலசறது? உங்க தலையிலயா? ஆத்தா வந்து தொவைச்சுத் தருவாளா?”

“கத்தாதடி, சாமி விசயம்.”

“சாமிக்கும் துணி இருக்குல்ல?”

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழி வந்தது. குட்டைக்குக் குறுக்கே பிரம்புக்கொடி ஒன்றை இழுத்துக் கட்டினார்கள். அந்தப் பக்கம் அம்மனுக்கு, இந்தப் பக்கம் நமக்கு. ஆனால் பூசாரி ஒரு கண்டிஷன் போட்டார். இலை எந்த இடத்தில் எழும்புகிறதோ அதுவரைக்கும் அம்மனுடையது. கொடியைத் தள்ளிக் கட்ட வேண்டும்.

தாமரைக்குக் கொடி தெரியுமா, எல்லை தெரியுமா? சேற்றுக்குள்ளே அதன் தண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கொடிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன இலை தண்ணீர் மேல் படுத்திருக்கும், எண்ணெய்ச் சொட்டு மாதிரி. கொடியை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுவார்கள். சில நாள் கழித்து இன்னொரு இலை. கொடி துவைக்கிற கல்லை நோக்கி வந்துகொண்டே இருந்தது. எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. வேலையிலிருந்து திரும்பியதும் வீட்டுக்குப் போக மாட்டேன். முதலில் கரைக்குப் போய் இலை வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தாமரைப் பக்கம் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் அதற்குள் ஆற்றுக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்கள். குடத்தோடு அவர்கள் ரப்பர் மரங்களுக்குள் இறங்குவதைப் பார்த்தால் என் கை தானாக வயிற்றின் மேல் போகும்.

நான் யார் வீட்டுக்கும் போய்ப் பேசுகிறவள் இல்லை. அன்று பூசாரி வீட்டுக்குப் போனேன். உள்ளே போகாமல் கதவு நிலைக்குப் பின்னால் நின்றேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“யாரது? என்னா தங்கச்சி?”

“ஒண்ணுமில்ல அண்ணே.” பிறகு கேட்டேவிட்டேன். “இலை தண்ணிக்கு மேல வந்தா ஆத்தாளோடது. வர்றதுக்கு முந்தி, சேத்துக்குள்ள மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கிறப்போ?”

மென்ற வாய் நின்றது. உள்ளேயிருந்து அவர் சம்சாரம், “அதானே, சொல்லுங்க” என்றாள்.

அவருக்கும் அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன். “சேத்துல இருக்கிறது சேறுதானே” என்றார். அப்புறம் குரலைத் தணித்து, “ஆனா தங்கச்சி, நான் புடுங்கச் சொன்னேன்னு சொல்லாத” என்றார்.

அடுத்த நாளிலிருந்து சாயங்கால வேளையில் முட்டியளவு தண்ணீரில் இறங்கி, கொடியோரமாகச் சேற்றைக் காலால் தடவிக்கொண்டு நடப்பேன். தாமரை முளை காலில் படும். சுருட்டின வெற்றிலை மாதிரி கூராக இருக்கும். கால் விரலால் பிடித்து ஒடித்துச் சேற்றிலேயே மிதித்துவிடுவேன். கொடிக்குக் கீழே ஆழம் குறைந்த இடமெல்லாம் கோரையை நெருக்கி நட்டேன். கோரை வேர் பின்னிக்கொண்ட இடத்தில் தாமரைத் தண்டு நுழையத் திணறும். பூசாரி சம்சாரமும் இறங்கினாள். பிறகு கோரைக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேர். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. குளிக்கிற மாதிரி இறங்குவோம், காலால் தேடுவோம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? கரையில் இடுப்பில் கை வைத்து நின்றார். “ஒடிங்க, ஒடிங்க. ஆத்தா கண்ணை மூடிக்கிட்டா இருக்கா? வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டு இவளுக்கு எவ்வளவு தைரியம் பாரு!”

தைரியமெல்லாம் இல்லை. ஆற்றுக்கு நடந்தால் இதுவும் போய்விடும் என்று பயம். முளையை ஒடித்தால் அம்மன் கோபத்தில் போய்விடும் என்று பயம். இந்தப் பிள்ளையும் தங்காவிட்டால் லயம் முழுக்க என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி படுத்தால் காலுக்கடியில் அந்த முளைகள் குத்துகிற மாதிரியே இருக்கும். வீட்டுக்காரர், “போதும், விட்டுரு. நான் தூக்கியாறேன் தண்ணி” என்றார். அவர் விடியுமுன் மரத்துக்குப் போய்ப் பால் சுமக்கிறவர். பால் வாளி தொங்கவிடுகிற காண்டாக் கம்பு அழுத்தி அவர் தோளில் காய்த்துப்போன தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அடைமழை பிடித்தது. நாலு நாளோ ஐந்து நாளோ, லயத்துக் கூரைத் தகரத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. ஒரு பகலில் படாரென்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினோம். வண்டிப்பாதைப் பக்கத்துக் கரை சரிந்து கிடந்தது. வாழையெல்லாம் குலையோடு தண்ணீரில் தலைகுப்புற. சேம்பு பாளம் பாளமாக மிதந்தது. சரிந்த மணல் தாமரை மேல் பாதியை மூடிவிட்டது. துவைக்கிற கல் பக்கம் என்னாயிற்றென்று பார்க்க எனக்குக் கழுத்து திரும்பவில்லை. பூசாரி சம்சாரம்தான் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அங்கேயும் ஒரு மூலை போயிருந்தது, நான் கடைசியாக நட்டு வேர் பிடிக்காத மூலை. மற்றபடி கோரை படுத்துக் கிடந்தது. கரை நின்றது.

மழை விட்டதும் துரை பூட்ஸ் காலோடு வந்தார். உடைந்த பாதையைப் பார்த்துக் கத்தினார். இந்தப் பக்கம் வந்து கோரையைக் காலால் எத்திப் பார்த்தார்.

“இந்தப் புல்லு யார் போட்டது?” என்று அவருடைய தமிழில் கேட்டார்.

நான் பூசாரி சம்சாரத்தின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

“நான்தான் தொரை” என்றார் கங்காணி. “ஆளை வச்சுப் போட்டேன்.”

பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். துரை தலையை ஆட்டினார். வண்டிப்பாதையை ரப்பர் வரிசைக்குள் தள்ளிப்போடச் சொன்னார். சரிந்த பக்கத்துக்கு மட்டும் கம்பி வேலி. கல் பக்கத்துக் கரையை அப்படியே விடச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் ஈரப் புடவையோடு படுத்துத் தூங்கிவிட்டேன்.

வேலிக்குள் மிச்சத் தாமரை இருந்தது. பூத்தது. பறிக்கத்தான் வழியில்லை. பக்கத்து வீட்டு அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். குட்டைக்கு வந்தாலும் நான் எழுந்த பிறகுதான் கல்லில் உட்காருவார்.

பிள்ளை பிறந்தது. பெண். அழுத சத்தம் கேட்டபிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மருத்துவச்சி கிழவி, “ரெண்டு காலு, ரெண்டு கையி, வாயி உன்னை மாதிரி இல்ல, பெருசா இருக்கு, போதுமா?” என்று கையில் கொடுத்தாள்.

தீட்டு கழிகிறவரை நான் குட்டைக்குப் போகக் கூடாது. வீட்டுக்காரர் வேலைக்குப் போகுமுன் ஒரு குடம் வைத்துவிட்டுப் போவார். பிள்ளைத் துணிக்கு அது எந்த மூலைக்கு? இரண்டாம் நாள் மத்தியானம் குடம் காலி. பிள்ளை அழுகிறாள், நான் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிழல் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா. இடுப்பில் நிறைகுடம், புடவை முழங்கால் வரை நனைந்து, அதில் கோரைத் துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

படி தாண்டாமல் நின்று பிள்ளையை எட்டிப் பார்த்தார். “கறுப்பா இருக்கா” என்றார்.

“ம்.”

“எம் மவளும் கறுப்புத்தான்.”

எனக்கு வாய் வரவே வராது. அன்று வந்தது. “அக்கா, ஆத்தாளுக்கு என் மேல கோவம் இல்லையா?”

“கோவமா இருந்தா, இந்த வெயில்ல என்னை ஏண்டி தண்ணி தூக்க வுடுறா?” என்றார் அவர். “பேச வந்துட்டா பெருசா. குடத்தை வாங்கு, கை விட்டுப் போவுது.”